மலைப்புதினாவுக்கு வந்த பூனைகள்

கலியாணம் முடிந்து கீர்த்தனி திருகோணமலைக்கு வந்தபோது உடுப்புப் பெட்டிகள் வான் வண்டியின் கூரையில் ஏறின; இருக்கைகளில் பூச்சாடிகள் உட்கார்ந்தன. மாப்பிள்ளை தர்சன் நுவரெலியாவிலிருந்து ஹபரணை வரைக்கும் ஒரு லவண்டர்ச் சாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஹபரணை தாண்டி வெயில் ஏறியதும் பத்திரிகையை மடித்து அந்தச் செடிக்கு விசிறத் தொடங்கினான். கலியாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் பெண்சாதி சொன்னால் ஆட்டுக்குட்டிக்குக்கூட விசிறலாம்.

கீர்த்தனி இரசாயனம் படித்தவள். மூலிகைத் தேயிலை செய்யும் ஒரு சின்னக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், எந்த இலையில் எந்த எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலையாக இருந்தது. தர்சனுக்குத் துறைமுக அலுவலகத்தில் உத்தியோகம். கப்பல்கள் மலைக்குப் போகாது என்பதால் அவள்தான் கீழே வந்தாள். அவள் விலகும் அன்று கம்பனி முதலாளி, "குளிர்ல வளர்ந்ததுகளை அந்த வெயில்ல வச்சா எல்லாம் கருவாடாப் போயிரும்" என்றார். செடிகளைச் சொன்னாரா அவளைச் சொன்னாரா என்பது தெரியவில்லை. சொந்த வளவிலேயே செடி வளர்த்து, நித்திரை வராதவர்களுக்கு ஒரு நல்ல மூலிகைத் தேயிலை செய்து காட்டுவதென்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நித்திரை வராத ஆள் ஒருவர் வீட்டிலேயே கிடைத்தார். தர்சனின் அம்மா புஸ்பராணி இரவில் கண் மூடுவதில்லை. விடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் உட்கார்ந்து, இரவு கேட்ட சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். எந்த நாய் குரைத்தது, எந்த வீட்டில் தண்ணீர்ப் பம்பை நிறுத்த மறந்தார்கள், மகன் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டான் என்பதெல்லாம் அதில் வரும். செடிகள் வந்த பிறகு அதோடு மரண அறிவித்தலும் சேர்ந்துகொண்டது.

"பிள்ளை, அந்த ஊதாப் பூச் செடி முடிஞ்சுது போல."

"ஓம் மாமி, பாத்தனான்."

"பக்கத்தில நிக்கிறதும் இண்டைக்கோ நாளைக்கோ எண்டிருக்கு."

லவண்டர் போனது. கெமமைல் போனது. தைம் கடைசிவரை போராடி, ஒரு செவ்வாய்க்கிழமை போனது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று தொடங்கிய நேரம், ஒரே ஒரு இனம்தான் மிஞ்சியிருந்தது. சாம்பல் பூத்த, ஓரம் அரம்போல வெட்டுப்பட்ட மெத்தென்ற இலை. மலையில் அது முழங்கால் உயரம் வருவதற்குள் களைத்துவிடும். இங்கே வெயிலில் நின்று, உப்புக் காற்றைக் குடித்து, இடுப்பளவுக்கு வந்து, சாடியை உடைத்துக்கொண்டு மண்ணில் இறங்கியது. கீர்த்தனி கிளை முறித்து நட்ட இடமெல்லாம் பிடித்தது.

"இதுக்கென்ன பேர்?" என்று தர்சன் கேட்டான்.

"மலைப்புதினா" என்றாள் கீர்த்தனி.

அது பொய். அந்தச் செடிக்குக் கம்பனியில் எல்லாரும் சொன்ன பெயர் பூனைப்புதினா. உலகம் முழுக்க அதற்குப் பூனையை வைத்துத்தான் பெயர். ஆனால் தர்சன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், டியூசன் வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஒரு கடுவன் பூனை அவனுடைய தலையில் விழுந்திருந்தது. அதிலிருந்து அவனுக்குப் பூனை என்றால் கால் உதறும். வெளியாட்களிடம் அலர்ஜி என்று சொல்லிக்கொள்வான். பெண் பார்க்க வந்த அன்றே, "வீட்டில அது ஏதும் வளர்க்கிறீங்களோ?" என்று கேட்டவன். பூனை என்ற சொல்லை வாயால் சொல்வதே அவனுக்குப் பிடிக்காது. இப்படிப்பட்ட மனிதனிடம் போய்ப் பெயரைச் சொல்வானேன் என்று கீர்த்தனி நினைத்தாள். மலையில் அந்தச் செடிக்கு மணமே குறைவு. கம்பனிக் களஞ்சியத்துப் பூனை அதன்மேல் உரசாமல் கடந்து போகும். பெயரில்தான் பூனை, மற்றபடி ஆபத்தில்லை என்று அவளுக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது.

காய்ந்த இலையில் ஒரு கோப்பை ஊற்றி மாமிக்குக் கொடுத்தாள். அடுத்த நாள் விடிந்தது. பால் வந்தது. பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தது. மாமி எழும்பவில்லை. தர்சன் பயந்துபோய் அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான்.

"என்னடா செய்யிறாய்?" என்று கண்ணைத் திறக்காமலே மாமி கேட்டார்.

அன்று காலை குசினியில் சொல்வதற்கு அவரிடம் ஒரு செய்தியும் இருக்கவில்லை. "ஒண்டும் கேக்கேல்லப் பிள்ளை" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னார். இரண்டாவது கோப்பைக்குக் கையை மட்டும் நீட்டினார்.

அந்தச் சனிக்கிழமை முதலாவது பூனை வந்தது.

தர்சன் வளவில் தண்ணீர்க் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். செடிகளுக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினான். செம்மஞ்சள் நிறக் கடுவன் ஒன்று, ஒரு காது கிழிந்தது, கன்னத்தை இலைகளில் தேய்த்துக்கொண்டு நின்றது. பிறகு மல்லாக்க விழுந்து நாலு காலையும் வானத்துக்குக் காட்டியது. தர்சன் உடுப்புத் தோய்க்கிற கல்லின்மேல் ஏறிவிட்டான்.

"கீர்த்தனி! வளவுக்குள்ள ஒண்டு நிக்குது!"

"என்ன ஒண்டு?"

"அது!"

அவள் ஓடி வந்து பார்த்தாள். கடுவன் அவளைக் கவனிக்கவேயில்லை. வாயிலிருந்து எச்சில் வடிய, கண் பாதி மூடி, எங்கேயோ தூரத்தில் நடப்பதைப் பார்ப்பதுபோலக் கிடந்தது. கீர்த்தனிக்குச் செடியின் உண்மைப் பெயர் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய், "வழி தவறி வந்திருக்கும், போயிரும்" என்றது.

அது போகவில்லை. திங்கட்கிழமை மூன்றாகியது. வெள்ளிக்கிழமை மதில் முழுக்கப் பூனை. கறுப்பு, சாம்பல், புள்ளி, வாலில்லாதது, வயிற்றில் குட்டியோடு இருந்தது என்று எல்லா வகையும் வந்தன. முறை வைத்ததுபோல ஒவ்வொன்றாக இறங்கி, செடியில் புரண்டு, உதைத்து, சுற்றிச் சுற்றி ஓடி, களைத்து விழுந்தன. மாமி கதிரையைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு பார்த்தார். "கோயில்ல உரு வந்த மாதிரியெல்லோ ஆடுதுகள்" என்றார். அவருக்கு இப்போது பகலிலும் பொழுது போனது.

தர்சனுக்குத்தான் வாழ்க்கை குறுகிப்போனது. வேலைக்குப் போகும்போது வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, விரித்த குடையை இடுப்புக்குக் கீழே கேடயம்போலப் பிடித்தபடி கேற் வரைக்கும் போவான். பின்னேரம் ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தொலைபேசி எடுப்பான்.

"வழியில எத்தினை நிக்குது?"

"ரெண்டு. ரெண்டும் நித்திரை."

"நித்திரையோ, நடிக்குதோ?"

ஒரு நாள் கேட்டான், "ஏன் கீர்த்தனி எங்கட வளவுக்கு மட்டும் வருதுகள்? மற்ற வீடுகள்ள ஒண்டையும் காணேல்லையே."

"மாமி மீன் தலையை வெளியில எறியிறவ. அதுதான்."

இதைக் கேட்ட மாமி அதன்பிறகு மீன் தலையைப் பொலித்தீன் பையில் முடிந்து, ஒழுங்கை முனைக் குப்பைத் தொட்டி வரைக்கும் நடந்துபோய்ப் போட்டார். மருமகளோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. கீர்த்தனிக்கு அவமானமாக இருந்தது. அன்று மத்தியானம் செடிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு இலையைக் கிள்ளி விரலுக்கிடையில் கசக்கினாள்.

மணம் முகத்தில் அடித்தது. மலையில் இதே இலையை மூக்கோடு ஒட்டி வைத்து யோசித்து யோசித்துத்தான் மணம் பிடிக்க வேண்டும். இங்கே கையை நீட்டிப் பிடித்தாலும் தொண்டைவரைக்கும் இறங்கியது. அவளுக்குள்ளிருந்த பெண்சாதியும் மருமகளும் பின்னால் போக, இரசாயனக்காரி முன்னுக்கு வந்தாள். செடி அதேதான். வேரும் அதேதான். இலைக்குள் இருப்பது அதே அல்ல. அன்றைக்கே ஒரு பொதி காய்ந்த இலையை, பேராதனையில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தன் கூட்டாளி ஷாமிலாவுக்கு அனுப்பிவைத்தாள். மலையிலிருந்து கொண்டுவந்த பழைய இலையிலும் கொஞ்சம் கூடவே வைத்தாள்.

ஷாமிலா பத்து நாள் கழித்து அழைத்தபோது வீட்டில் எல்லாரும் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனியின் கையில் குழம்பு. முழங்கையால் பச்சைப் பொத்தானை அழுத்தியதில் ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது.

"கீர்த்தனி! உன்ட பூனைப்புதினா என்ன விளையாட்டு விளையாடியிருக்கு தெரியுமா?"

தர்சனின் கை பிட்டோடு வாய்க்கு முன்னால் நின்றது.

"அந்த எண்ணெய், நெப்பெட்டலக்டோன், நாலு மடங்கு! மலை இலையோட பக்கத்தில வச்சுப் பாத்தன், நம்பேலாம ரெண்டு தரம் சோதிச்சன். அந்த வெயில், உப்புக் காத்து, தண்ணிக் குறைவு எல்லாத்துக்கும் பயந்து செடி எண்ணெயைச் சுரந்து தள்ளியிருக்கு. பூச்சி வராமத் தன்னைக் காக்கத்தான் அது சுரக்கிற. ஆனா பூனைக்கு அது கள்ளு மாதிரி. என்ன, உங்கட ஊர்ப் பூனையெல்லாம் வந்திருக்குமே?"

"பேந்து எடுக்கிறன் ஷாமிலா" என்று கீர்த்தனி முழங்கையால் துண்டித்தாள்.

பின்வாசலில் ஏதோ ஒன்று சுகமாக முனகியது.

"பூனைப்புதினா" என்றான் தர்சன். மாமி நிமிர்ந்து பார்த்தார். மகன் அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டு இருபது வருடத்துக்கு மேல்.

"மலையில அது ஒண்டும் செய்யேல்ல, தர்சன். உண்மையாச் சொல்லுறன். இங்க வந்து இப்படி மாறும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பேரிலேயே இருக்கே! பேரிலேயே அது இருக்கிற செடியை என்ர வளவில நட்டு, எனக்கு வேற பேர் சொல்லி, நான் தண்ணியும் ஊத்தி..."

"அப்ப மீன் தலையால வரேல்ல" என்றார் மாமி. அவருக்கு அதுதான் முக்கியம்.

கீர்த்தனி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்த நேரம் கேற்றில் யாரோ பலமாகத் தட்டினார்கள். தடித்த உடம்பு, மடித்துக் கட்டிய சறம், தோளில் ஒரு குவியல் நைலோன் வலை. பக்கத்து மீன் இறங்குதுறையில் கடற்றொழிலாளர் சங்கத்தின் வலைக் களஞ்சியத்தைப் பார்க்கிற ஜவ்பர் நானா. அவர் உள்ளே வந்து வலையை விறாந்தையில் விரித்தார். அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள்.

"எலி" என்றார். "ஒரு கிழமைக்குள்ள ஏழு வலை. கடல்ல கிழிஞ்சா மீன் கிழிச்சதெண்டு சொல்லலாம். இது களஞ்சியத்துக்குள்ள வச்ச வலை. ஏன் எலி வந்த? பூனை இல்ல. பூனை எங்க?" விரலை வளவுப் பக்கம் நீட்டினார். "தங்கச்சி, எங்கட பூனைகளை ஏன் புடிச்சு வச்சிரிக்கீங்க?"

"நாங்க பிடிக்கேல்ல நானா, அதுகளாத்தான் வந்தது."

"அதுகளா வாறதுக்கு இங்க என்ன கலியாணமா நடக்குது? அங்க பாருங்க, அந்தச் செம்மஞ்சள். அதுக்குப் பேர் சம்மாட்டி. துறையில எல்லாப் பூனைக்கும் அதுதான் முதலாளி. ஒரு நாளைக்கு மூணு எலி குடுக்காமப் படுக்காது. இப்ப என்னெண்டா..." சம்மாட்டி மல்லாந்து கிடந்து தன் வாலைத் தானே கடிக்க முயன்று தவறவிட்டது. ஜவ்பர் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாக்கேலாம இரிக்கி" என்றார்.

கீர்த்தனி நடந்ததை விளக்கினாள். இலை, எண்ணெய், வெயில், நாலு மடங்கு. எல்லாப் பூனைக்கும் இது பிடிபடாது, மூன்றில் ஒன்று திரும்பியும் பார்க்காது என்றும் சொன்னாள்.

"அந்த மூண்டில ஒரு பங்கு துறையிலதான் இரிக்கி" என்றார் ஜவ்பர் நானா. "அவங்க எலி வந்தா எழும்பி இடம் குடுக்கிற ஆக்கள்."

அடுத்த நாள் காலை ஜவ்பர் நானா மீன் பெட்டிகளும் ஓட்டோவுமாக வந்தார். பூனைகளைப் பிடிப்பதில் கஷ்டமேயில்லை. மயங்கிக் கிடந்தவற்றை மரக்கறி பொறுக்குவதுபோலப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள். துறையில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதுக் கீரி மீன் வைத்தார். சம்மாட்டி மீனை முகர்ந்தது. ஜவ்பர் நானாவை ஒருமுறை பார்த்தது. பிறகு எழும்பி, கொடுக்கல் வாங்கல் எல்லாம் முடிந்ததுபோல, வந்த வழியே நடந்தது. மற்றவை பின்னால் போயின. ஓட்டோ வெற்றுப் பெட்டிகளோடு ஒழுங்கைக்குத் திரும்பி வந்தபோது பூனைகள் அதற்கு முன்பே மதிலில் இருந்தன.

அன்று பின்னேரம் சங்கத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், செடியைப் பிடுங்குங்கள் என்று. கீர்த்தனி முடியாது என்றாள். நாலு மடங்கு எண்ணெய் உள்ள செடியை எந்த இரசாயனக்காரி பிடுங்குவாள்? சுற்றி வலையடித்து மறைக்கிறேன் என்று சொல்லி, அடுத்த நாள் கம்பி வலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள்.

அந்த இடைவெளியை தர்சன் பயன்படுத்தினான். அன்று லீவு போட்டிருந்தான். மத்தியான வெயிலில் பூனைகள் எல்லாம் மதில் நிழலில் செத்ததுபோலக் கிடந்தன. அவன் மழைக்கோட்டு, ஹெல்மெட், கையுறை, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினான். முப்பத்தைந்து பாகை வெயிலில் மழைக்கோட்டோடு ஒரு ஆள் சத்தமில்லாமல் மண் வெட்டுவதை மாமி கதிரையிலிருந்து பார்த்தார். தன் பங்குக்கு இரண்டு கொத்து இலையை மட்டும் முதலே முறித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேலை நன்றாகத்தான் போனது. தர்சன் செடிகளை வேரோடு கிளப்பி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, முழங்காலால் நெரித்து, ஒரு பெரிய சாக்குக்குள் அடைத்தான். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது கொண்டுபோய்க் கொட்டிவிடுவதென்பது திட்டம். சாக்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தன் மழைக்கோட்டைக் கவனித்தான். நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் பச்சைச் சாறு.

பின்னால், மதில் நிழலில், கிழிந்த காது ஒன்று நிமிர்ந்தது.

மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது இருமியது. மீண்டும் உதைத்தான். சம்மாட்டி எழும்பி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. மூன்றாவது உதையில் இருமலும் நின்றது. தர்சன் சாக்கை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஏன் சாக்கை விட்டுவிட்டு ஓடவில்லை என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அவனுக்கே தெரியாது. கையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு ஓடினான், அவ்வளவுதான். ஒழுங்கை கடலை நோக்கி இறங்குவதால் கால்கள் அந்தப் பக்கமே போயின. மழைக்கோட்டுக்காரன் முன்னால், பின்னால் வால்களை நிமிர்த்திக்கொண்டு ஒரு படை. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஒரு ஓட்டோக்காரர் வழி விட்டு ஒதுங்கி நின்று, "இன்னும் ஒண்டு பின்னால வருது, கெதியா!" என்று உற்சாகப்படுத்தினார். கடைத்தெருவிலிருந்து கம்பி வலைச் சுருளோடு வந்துகொண்டிருந்த கீர்த்தனி, முதலில் பூனைகளைப் பார்த்தாள், பிறகு ஹெல்மெட்டை அடையாளம் கண்டாள், பிறகு சாக்கிலிருந்து தொங்கிய இலையைக் கண்டாள். அவளும் ஓடினாள்.

தர்சன் இறங்குதுறைக்குள் புகுந்து, திறந்திருந்த முதல் கதவுக்குள் பாய்ந்தான். அது வலைக் களஞ்சியம். உள்ளே கூரைவரைக்கும் வலைக் குவியல். அதன் உச்சிக்கு ஏறினான். ஏறும்போது சாக்கு ஆணியில் மாட்டி அடியோடு கிழிந்து, இலையும் வேரும் வலைகளின்மேல் பொழிந்தன. பூனைகள் வந்து சேர்ந்தன. வலைக்குள் புரண்டன. அந்தக் கலாட்டாவில் குவியலுக்கு அடியிலிருந்து கொழுத்த எலி ஒன்று வெளியே பாய்ந்தது. சம்மாட்டி போதையில் இருந்தாலும் தொழிலை மறக்கவில்லை. ஒரே தாவு.

"அல்லாஹ்!" என்றார் வாசலில் நின்ற ஜவ்பர் நானா. அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. "எடுத்துட்டான்! எங்கட ஆள் எடுத்துட்டான்!"

கீர்த்தனி மூச்சிரைக்க உள்ளே வந்தபோது கோபத்தோடுதான் வந்தாள். உச்சியில் கணவனைப் பார்த்ததும் அது போய்விட்டது. தர்சன் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு பூனை. தோளில் ஒன்று அவனுடைய கழுத்தை நக்கியது. அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"கீர்த்தனி, நீயா?"

"ஓம், நான்தான்."

"நான் அசையேல்ல."

"அசையாதேங்கோ. அதுகள் கடிக்காது. உங்களில பூசியிருக்கிற சாறுதான் அதுகளுக்கு வேணும்." அவள் வலைமேல் ஏறி, ஒவ்வொரு பூனையாகத் தூக்கிக் கீழே விட்டாள். "பேரை மறைச்சது என்ர பிழை. நீங்க பதறுவீங்களோ, இல்லாட்டிச் செடியை வளர்க்க விடமாட்டீங்களோ எண்டு பயந்திட்டன்."

"செடியை வளர்க்க விட்டிருக்க மாட்டன்" என்றான் தர்சன் கண்ணைத் திறக்காமல். அவன் நேர்மையான ஆள்.

அவன் கண்ணைத் திறந்து கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்தது. அந்த நேரத்தில் துறையில் நுளம்பு மேகம்போல வந்து கடிக்கும். ஜவ்பர் நானா கை, கால், கழுத்து என்று அடித்துக்கொண்டே கதைத்தார். சங்கத்து ஆட்களும் அடித்துக்கொண்டே கேட்டார்கள். தர்சன் மட்டும் சும்மா நின்றான்.

"தம்பிய ஏன் நுளம்பு கடிக்கல்ல?" என்றார் ஜவ்பர் நானா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தர்சனும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீர்த்தனியின் முகம் மெல்ல மலர்ந்தது. ஷாமிலா சொன்னது அவளுக்கு இப்போதுதான் முழுதாக உறைத்தது. பூச்சி வராமல் காக்கத்தான் செடி அதைச் சுரக்கிறது. அவள் தரையில் கிடந்த ஒரு கொத்தை எடுத்துக் கசக்கி ஜவ்பர் நானாவின் கையில் தேய்த்தாள். அவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். நுளம்பு வந்தது, சுற்றியது, அடுத்தவரிடம் போனது.

அதன்பிறகு செடியைப் பிடுங்குவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேரோடு வந்திருந்த செடிகளைக் களஞ்சியத்துக்குப் பின்னால், வெயில் நேரே விழும் இடத்தில், அன்றைக்கே நட்டார்கள். கீர்த்தனி கொண்டுவந்த கம்பி வலையை அவற்றின்மேல் கூடுபோல அடித்தாள். பூனைகள் அடியோடு கடித்து அழிக்காமல், வெளியே நீட்டுகிற இலையில் மட்டும் புரளட்டும் என்பது கணக்கு. பூனைகள் காலையில் புரண்டன, மத்தியானம் படுத்தன, பொழுதுபட்டதும் வேலைக்குப் போயின. கடலுக்குப் போகிறவர்கள் படகு தள்ளும்முன் ஒரு இலையைக் கசக்கிக் கழுத்தில் பூசிக்கொண்டார்கள். அதனால் சிலருடைய படகில் பூனையும் ஏறி மூதூர்வரை போய்வந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

நித்திரைத் தேயிலையும் ஒருவழியாக உருவானது. இந்த இலையில் மலையில் போடுகிற அளவைப் போட்டால் ஆள் விடிந்தும் எழும்ப மாட்டார் என்பதற்கு மாமியே சாட்சி. ஆகவே கால்வாசி இலை, மிச்சத்துக்கு எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் என்று கீர்த்தனி கணக்கை மாற்றினாள். மாமிக்கு இப்போது அளவான நித்திரை. விடிகாலையில் விழித்து, இரண்டொரு சத்தங்களையாவது குசினியில் சொல்லக்கூடியதாக இருக்கிறது.

தர்சனின் பயம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. ஆனால் பூனை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அதைக் கடந்து போக அவனால் இப்போது முடிகிறது. துறையில் அவனுக்குப் பெரிய மதிப்பு. அவனைக் கண்டால் ஜவ்பர் நானா எழும்பிக் கதிரை கொடுப்பார். அந்த மரியாதைக்காக வாரத்தில் ஒரு தடவையாவது, சப்பாத்துப் போட்டுக்கொண்டு, அவன் அந்தப் பக்கம் போய்வருவான்.

ஐப்பசி பிறந்து மாரி மழை பிடித்தபோது ஒரு நாள் ஜவ்பர் நானா குடையோடு கேற்றடியில் நின்றார். "தங்கச்சி, செடி பழுதாப் போச்சு. வளருது, மணம் இல்ல. சம்மாட்டி முகர்ந்து பாத்திட்டு எனக்கு முதுகைக் காட்டுறான்."

"மழைக்கு அப்பிடித்தான் நானா. வெயில் இல்லாட்டி எண்ணெய் குறையும். தை பிறந்து வெயில் வரட்டும்."

"அதுவரைக்கும் பூனைகள் நிக்குமா?"

"எங்க போறது? மழைக்கு உங்கட களஞ்சியம்தானே காய்ஞ்ச இடம்."

அவர் யோசித்துத் தலையாட்டினார். தர்சன் உள்ளேயிருந்து வந்து, மழைக்கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"எங்க போறீங்க?" என்றாள் கீர்த்தனி.

"களஞ்சியக் கூரை ஒழுகுதெண்டு போன கிழமை சொன்னவர். ஒழுகினா அதுகள் நனையுமெல்லோ" என்றான் தர்சன். கதவடியில் ஒருகணம் நின்று, "பூனையள்" என்று திருத்திச் சொன்னான். பிறகு ஜவ்பர் நானாவின் குடைக்குள் தலையைக் குனிந்து புகுந்து, ஒழுங்கையால் இறங்கினான்.